'பகிர்' என்னும் ஒற்றைச் சொல்: இயங்குதளத்தில் உட்பொதிந்த காணொளிப் பகிர்வும் காஞ்சிப் பட்டின் புதுவடிவங்களும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி, கைப்பேசி ஆகியவற்றின் இயங்குதளங்கள், காணொளியை இணையத்தில் ஏற்றும் வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. தமிழ் இடைமுகத்தில் இவ்வசதியின் வாயிலாக நிற்பது 'பகிர்' என்னும் கட்டளை. ஒருவருக்கு அனுப்புதல், உலகறிய வெளியிடுதல், ஒரு நிறுவனத்தின் வசம் ஒப்படைத்தல் என்னும் மூன்று வேறுபட்ட செயல்களை இவ்வொரு சொல் தன்னுள் அடக்கி, அவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் பயனர் காணாதவாறு செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கட்டளை வினைகளின் வரலாறு, 2022ஆம் ஆண்டின் இந்தியப் போட்டி ஆணைய ஆணை, தமிழ்ச் சொல்லின் பொருள், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் ஆகியவற்றின் துணையோடு, பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவைக் களமாகக் கொண்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், காணொளிப் பகிர்வு, இடைமுகத் தமிழ், வடிவமைப்புரிமை, காஞ்சிப் பட்டு, வெளியீடு.

முன்னுரை

இயங்குதளம் என்பது பயனருக்கும் பொறிக்கும் இடையில் நிற்கும் அடிப்படை மென்பொருள். திற, நகலெடு, அழி, சேமி எனச் செயல்களுக்கு அது பெயரிடுகிறது. பெயரிடப்பட்ட செயல்களையே பயனர் தாம் செய்யத்தக்க செயல்களாக அறிகிறார். எனவே கட்டளைச் சொற்களைக் கலைச்சொல்லாக்கச் சிக்கலாக மட்டும் கருதுவது போதாது. ஒரு பனுவலில் சொல்தேர்வு எதை வெளிப்படுத்துகிறது, எதை மறைக்கிறது என்று திறனாய்வாளர் கேட்பதுபோல, இடைமுகச் சொல்லையும் கேட்க வேண்டியுள்ளது. கணித்தமிழ் ஆய்வுகள் குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை, சொல்திருத்தி, கலைச்சொல் ஆகியவற்றில் செலுத்திய கவனத்தை ஒப்பிட, ஒரு கட்டளைச் சொல் பயனரை எத்தகைய செயலுக்கு உட்படுத்துகிறது என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பெரிய காஞ்சிபுரம் தக்க களம். காமாட்சியம்மன் கோயில், ஏகாம்பரநாதர் கோயில், குமரகோட்டம் ஆகியவற்றைச் சூழ்ந்த தெருக்களிலும் அவற்றை அடுத்த பிள்ளையார்பாளையத்திலும் பட்டு நெசவும் பட்டு வாணிகமும் அன்றாட வாழ்வாக உள்ளன. பட்டுப்புடவையின் மதிப்பில் பட்டிழைக்கும் சரிகைக்கும் கைவேலைக்கும் உள்ள பங்கைப் போலவே கரை, புட்டா, முந்தி ஆகியவற்றின் வடிவத்திற்கும் பங்குண்டு. வடிவமோ கண்ணுக்குப் புலப்பட்ட அளவிலேயே நகலெடுக்கத்தக்கது. காட்டாமல் விற்க இயலாது. எல்லார்க்கும் காட்டிய பின் காக்க இயலாது. இவ்விரண்டிற்கும் இடையில் கைப்பேசியின் பகிர்வுப் பொத்தான் இன்று நிற்கிறது. அப்பொத்தானின் சொல் எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சேமி, அனுப்பு, வெளியிடு, பகிர்

காணொளியை இணையத்திற்குக் கொண்டுசெல்லும் கட்டளை தொடக்கம் முதலே 'பகிர்' என்று அமைந்துவிடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மூவி மேக்கர் 2, முடித்த படத்தை என்ன செய்வது என்பதற்கு ஐந்து வழிகளைக் காட்டியது: கணினியில் சேமித்தல், குறுவட்டில் சேமித்தல், மின்னஞ்சலில் அனுப்புதல், இணையத்திற்கு அனுப்புதல், படக்கருவியின் நாடாவிற்கு அனுப்புதல். இங்கு வினைகள் இரண்டே. ஆயினும் ஒவ்வொரு வினையும் தான் சேருமிடத்தைக் கூறியே நின்றது. 2007 தொடக்கத்தில் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதே மென்பொருள் 'வெளியிடு' என்னும் பொருளுடைய வினையை ஏற்றது. குறுவட்டில் எழுதுவதையும் வெளியீடு என்றழைத்தது பொருந்தாச் சொல்லாட்சியே. எனினும் வீட்டுக்குள் இருந்த ஒன்று வெளியே போகிறது என்னும் எச்சரிக்கை அச்சொல்லில் இருந்தது. விண்டோஸ் 7 வந்தபோது மூவி மேக்கர் இயங்குதளத்திலிருந்து விலக்கப்பட்டுத் தனியே பதிவிறக்கும் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. யூடியூபில் நேரே ஏற்றும் பொத்தானும் அதனுடன் வந்தது. அத்தொகுப்பிற்கான ஆதரவு 2017 ஜனவரி 10 அன்று முடிந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் வழி வேறு. 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபோனில் யூடியூப் செயலி உட்பொதிந்திருந்தது. அது பார்ப்பதற்கு மட்டுமே. அக்கருவியில் காணொளி எடுக்கும் வசதியே இல்லை. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் காணொளி எடுக்கவும், எடுத்ததை அங்கிருந்தே யூடியூபிலோ தன் மொபைல்மீ சேவையிலோ ஏற்றவும் வழிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஸ்னோ லெபர்டு என்னும் மேக் இயங்குதளத்தில், குயிக்டைம் மென்பொருள் 'பகிர்' என்று பொருள்படும் தனிப் பட்டியலைக் கொண்டிருந்தது. 2012இல் வந்த மவுண்டன் லயன் அப்பொத்தானை இயங்குதளம் முழுவதற்கும் பொதுவாக்கியது. ட்விட்டர், ஃபேஸ்புக், ஃபிளிக்கர், விமியோ முதலியவை அதன்வழி இயங்குதளத்தின் உறுப்புகள் போலத் தோற்றமளித்தன.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, வினை பொதுமைப்பட்டது. சேமி, அனுப்பு, வெளியிடு ஆகியவை சேருமிடத்தையோ செயலின் தன்மையையோ உணர்த்தின. 'பகிர்' என்பது இரண்டையும் உணர்த்தாமல், ஒரு நல்லெண்ணத்தை மட்டும் உணர்த்துகிறது. இரண்டாவது, உட்பொதிவு ஒப்பந்தத்தால் வருவது. ஒப்பந்தம் முடிந்தால் நீங்குவது. 2012இல் ஐஓஎஸ் 6 வந்தபோது, உரிமக் காலம் முடிந்தது என்று கூறி யூடியூப் செயலி நீக்கப்பட்டது. விமியோ முதலியவற்றின் உள்ளிணைப்பை 2017இல் ஐஓஎஸ் 11உம் 2018இல் மேக்ஓஎஸ் மொஹாவேயும் கைவிட்டன. பயனரின் தேவை மாறியதால் நேர்ந்தவை என்று இவற்றைக் கொள்ள இயலாது. உட்பொதிந்தது எது என்பதை முடிவுசெய்தவர்கள் பயனர்கள் அல்லர்.

2. தறியோடு கோத்த கரை: ஆண்ட்ராய்டும் யூடியூபும்

காஞ்சிப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும்போது கோர்வை முறை கையாளப்படுகிறது. உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடி, ஒவ்வோர் ஊடையிலும் உடலும் கரையும் ஒன்றோடொன்று பிணைகின்றன. பின்னர்த் தைத்து ஒட்டிய கரையைப் பிரித்தெடுக்கலாம். கோர்வைக் கரையைப் பிரித்தால் புடவை குலையும். இயங்குதளத்தோடு ஒரு காணொளித் தளம் பிணைக்கப்படுவதையும் இவ்விரு வகையாகப் பிரித்துக் காணலாம். ஆப்பிள் கருவியில் யூடியூப் தைத்த கரையாக இருந்தது, ஐந்தாண்டில் பிரிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் அது கோர்வைக் கரை.

யூடியூப் 2005இல் தொடங்கப்பட்டது. கூகுள் அதனை 2006இல் 165 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தபோது இயங்குதளமும் காணொளித் தளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. கைப்பேசித் தயாரிப்பாளர் ஒருவர் பிளே ஸ்டோரைத் தம் கருவியில் சேர்க்க விரும்பினால், கூகுளின் செயலித் தொகுப்பு முழுவதையும் சேர்க்க ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. அத்தொகுப்பில் யூடியூபும் ஒன்று. இவ்வாறு முன்நிறுவப்பட்ட செயலியைப் பயனர் முடக்கலாம். முற்றிலும் நீக்கல் பொதுவாக இயலாது.

இவ்வேற்பாட்டை இந்தியப் போட்டி ஆணையம் ஆராய்ந்து 2022 அக்டோபர் 20 அன்று ஆணை பிறப்பித்தது. ஐந்து சந்தைகளை வரையறுத்த அவ்வாணை, இணையவழிக் காணொளி ஏற்றுதளங்களின் இந்தியச் சந்தையை அவற்றுள் ஒன்றாகக் கொண்டது. ஆண்ட்ராய்டுச் செயலிக் கடையில் தனக்குள்ள மேலாதிக்கத்தைக் கொண்டு யூடியூப் வழியாகக் காணொளிச் சந்தையில் நுழையவும் நிலைபெறவும் கூகுள் முயன்றது போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவிற்கு மாறானது என்று கண்டு, ரூ.1,337.76 கோடி தண்டம் விதித்தது. ஐரோப்பிய ஆணையம் 2018இல் ஆண்ட்ராய்டு குறித்து அளித்த முடிவு தேடுபொறி, உலாவி ஆகியவற்றின் பிணைப்பை மையமாகக் கொண்டிருந்தது. காணொளித் தளத்தை முதன்மைப்படுத்திக் கேட்டது இந்திய ஆணையே. அவ்வகையில் இது நம் ஆய்வுப் பொருளுக்கு மிக அணுக்கமான சட்டச் சான்று.

2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தது. ஆனால் ஆணையம் இட்ட கட்டளைகளுள் நான்கை நீக்கியது. முன்நிறுவிய செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கலாகாது என்ற கட்டளை அந்நான்கனுள் ஒன்று. இதற்கிடையில், தயாரிப்பாளர்கள் தன் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெற்று நிறுவலாம் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. தயாரிப்பாளருக்குத் தெரிவு கிடைத்தது. பயனர்க்கு நீக்கும் உரிமை கட்டளை வடிவில் கிடைக்கவில்லை.

இவ்வழக்கு எழுப்பிய வினா, அந்த இடத்தில் யாருடைய செயலி நிற்கிறது என்பது. அதற்கு முன்பே கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: அந்த இடத்தில் நிற்கும் சொல் என்ன செய்கிறது? ஒரு செயலிக்குப் பதில் வேறொன்று அங்கு நின்றாலும் 'பகிர்' என்னும் வினை அப்படியே இருக்கும். போட்டிச் சட்டத்தின் பார்வைக்கு எட்டாத இச்சிக்கல் மொழி ஆய்வாளரின் பார்வைக்கு உரியது.

3. தமிழ்ச் சொல்லின் சுமை

ஆண்ட்ராய்டு 2014இல் வெளிவந்த 5.0 பதிப்பில் தமிழை இடைமுக மொழிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தமிழில் அமைத்த கைப்பேசியில் ஒரு காணொளியைத் திறந்து 'பகிர்' என்பதைத் தொட்டால், ஒரே அளவுடைய உருக்கள் வரிசையாக விரிகின்றன. அருகிலிருக்கும் கருவிக்கு நேரே தரும் வசதி, புளூடூத், வாட்ஸ்அப், மின்னஞ்சல், மேகச் சேமிப்பகம், யூடியூப் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. எதிரில் அமர்ந்திருப்பவருக்குத் தருவதும் உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவதும் ஒரு விரலகலத்தில் அடுத்தடுத்து உள்ளன. அவற்றை வேறுபடுத்தும் சொல் அவ்வரிசையில் எதுவும் இல்லை.

பகிர்தல் என்னும் சொல் 'பகு' என்னும் அடியைச் சேர்ந்தது. பகுதி, பங்கு ஆகிய சொற்களோடு உறவுடையது. உள்ளதைக் கூறுபடுத்திப் பிறர்க்கும் அளித்தல் என்பது அதன் பொருள். பகிர்வதில் தருபவரின் பங்கு குறைகிறது. அக்குறைவை ஏற்பதனால்தான் பகுத்துண்ணல் அறமாகப் போற்றப்பட்டது. பகிர்வில் பெறுபவர் யார் என்பதும் தெரியும். பந்தியில் அமர்ந்தவர்க்கே சோறு பகிரப்படுகிறது. காணொளியை ஏற்றும் செயலில் இவ்விரண்டும் இல்லை. ஏற்றியவரிடம் கோப்பு குறைவதில்லை. பெறுபவர் யார் என்பதும் தெரிவதில்லை. குறையும் ஒன்று உண்டு. அது அக்காணொளியின் மேல் அவருக்கிருந்த ஆட்சி. சொல்லோ அக்குறைவைக் கூறாமல், பழைய அறத்தின் நன்மணத்தை மட்டும் புதிய செயலுக்கு ஏற்றுகிறது. ஆங்கில மூலச் சொல்லுக்கும் பங்கு என்னும் பொருளே அடிப்படை. ஆகவே இதனை மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று கூறல் பொருந்தாது. மூலத்தின் மறைப்பு மொழிபெயர்ப்பிலும் தொடர்கிறது. தமிழில் அறத்தின் சாயல் சேர்வதால் மேலும் ஆழமாகிறது.

கொடுப்போர், கொள்வோர் ஆகியோரின் உறவுக்கேற்ப வினை மாறும் என்பதை நம் இலக்கணம் நுண்மையாக உணர்ந்திருந்தது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒரு பொருளைக் கேட்கும் சொற்களே எனினும், கேட்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்பதைப் பொறுத்து அவை வேறுபடும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலில் வகுத்துரைக்கிறது. அவ்வேறுபாடு அக்காலச் சமூகப் படிநிலையைச் சார்ந்தது. இன்று அதனை மீட்கத் தேவையில்லை. ஆனால் யார் யாருக்கு என்பதைப் பொறுத்து வினை மாறவேண்டும் என்னும் இலக்கண உணர்வு இன்றைய இடைமுகத்திற்கும் வேண்டப்படுவதே. காணொளியைத் தா என்று கேட்பவர் வாடிக்கையாளரா, உறவினரா, ஒரு பன்னாட்டு நிறுவனமா என்பதை 'பகிர்' வேறுபடுத்துவதில்லை.

வெளியீடு என்னும் செயலையும் தமிழ் மரபு தனித்தே வைத்திருந்தது. நூல் இயற்றுதல், மாணாக்கர்க்குப் பாடம் சொல்லுதல், அவையில் அரங்கேற்றுதல் ஆகியவை வெவ்வேறு நிலைகள். பெரிய காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்சொல்லின் புணர்ச்சி குறித்து அவையில் தடை எழுந்ததாகவும், வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டப்பட்டதாகவும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. இது வரலாறா, பிற்காலப் புனைவா என்பது வேறு வினா. வெளியிடுதல் என்பது நாள் குறித்து, அவை கூட்டி, தடைக்கு விடை கூறி நிறைவேறும் ஒரு செயல் என்ற எண்ணம் அச்செய்தியில் பதிந்துள்ளது. அந்த எண்ணத்திற்கு இடமளிக்கும் சொல் இன்றைய கட்டளை வரிசையில் இல்லை.

4. சட்டத்தின் பார்வையில் வெளியீடு

மேற்கண்ட வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதாக இருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. சட்டம் அவ்வேறுபாட்டின்மீது உரிமையையே நிறுத்தியிருக்கிறது.

காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு காஞ்சிப் பட்டு என்னும் பெயரையும் அதன் மரபுத் தன்மையையும் காக்கிறது. மயில், அன்னம், யாளி, இருதலைப்பறவை, உருத்திராக்கம், கோபுரக்கரை முதலிய மரபு வடிவங்கள் தனியொருவர்க்கு உரியன அல்ல, ஊருக்கே பொதுவானவை. அவற்றைக் காணொளியில் காட்டுவதால் எவரும் எதையும் இழப்பதில்லை. ஒருவர் புதிதாக அமைத்த கரையோ புட்டாவோ புவிசார் குறியீட்டின் காப்பில் அடங்காது. அதற்கு உரியது வடிவமைப்புகள் சட்டம், 2000. அதன்வழிப் பதிவுபெற்ற வடிவமைப்பிற்கு முதலில் பத்தாண்டும் நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் உரிமை கிடைக்கும். பதிப்புரிமைச் சட்டம் துணைநிற்கும் என்று கருதினால், அதன் 15ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவு செய்யத்தக்கதாயிருந்தும் பதிவு செய்யப்படாத வடிவமைப்பின் பதிப்புரிமை, தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பொருளாக ஆக்கப்பட்டதும் அற்றுப்போகிறது. ஆகவே புதுவடிவம் அமைத்தவர்க்கு உள்ள முதன்மையான வழி பதிவே.

அப்பதிவிற்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கிறது. விண்ணப்ப நாளுக்கு முன் இந்தியாவிலோ வேறெந்த நாட்டிலோ, அச்சு முதலிய வடிவிலோ, பயன்பாட்டாலோ, வேறெவ்வகையிலோ பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட்ட வடிவமைப்பைப் பதிவு செய்ய இயலாது. எல்லார்க்கும் திறந்த இணையக் காணொளி, 'வேறெவ்வகையிலோ' என்பதிலிருந்து தப்பும் என்று கொள்ள இடமில்லை. அறியாமல் பதிவு கிடைத்துவிட்டாலும் 19ஆம் பிரிவின்கீழ் அக்கறையுள்ள எவரும் அதனை நீக்கக் கோரலாம். முன்வெளியீடு அதற்குரிய காரணங்களுள் ஒன்று. நாள் பொறித்த காணொளி தம் முதன்மைக்குச் சான்றாகும் என்று வடிவம் அமைத்தவர் கருதக்கூடும். விண்ணப்பத்திற்கு முந்திய நாளாயின், அதே சான்று அவருக்கெதிராகப் பேசும்.

இங்குக் கவனிக்கத்தக்கது 16ஆம் பிரிவு. உரிமையாளர் ஒரு வடிவமைப்பை மற்றொருவருக்கு நம்பிக்கையின்பேரில் காட்டினால், அவர் அதனைப் பயன்படுத்துவதோ வெளியிடுவதோ நம்பிக்கைக்கு மாறாகும் சூழலில், அது வெளியீடாகக் கொள்ளப்படாது. பதிவு செய்யக் கருதிய புதிய துணி வடிவமைப்பிற்கு முதலாவதாக வரும் மறைவான கொள்முதல் ஆணையை ஏற்பதும் வெளியீடாகாது. துணி வடிவமைப்பைப் பெயர் கூறியே சட்டம் இவ்விலக்கை அளித்துள்ளது. வணிகர் ஒருவருக்குத் தனியே காட்டி ஆணை பெறுதல் நெசவுத் தொழிலின் இயல்பு என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருக்கின்றனர். ஆகவே சட்டத்தில் காட்டுதலும் வெளியிடுதலும் இருவேறு வினைகள். கைப்பேசியில் அவை ஒரே வினை. வணிகர் ஒருவருக்குக் காணொளியை அனுப்பும் கையசைவும் யூடியூபில் ஏற்றும் கையசைவும் ஒன்றாகவே தொடங்குகின்றன. முன்னதில் உரிமை நிலைக்கிறது, பின்னதில் அழிகிறது.

இச்சிக்கலில் மிகுந்த இடருக்குள்ளாகிறவர் கூலிக்கு நெய்யும் நெசவாளர். வடிவம் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வணிகரிடமிருந்தோ வருகிறது. கட்டத்தாளில் அல்லது கணினியில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றியபின் அது தறியில் உருப்பெறுகிறது. ஊதியம் பெற்று ஒருவர் மற்றொருவருக்காக ஆக்கிய வடிவமைப்பின் உரிமை, ஆக்குவித்தவருக்கே என்று சட்டம் வரையறுக்கிறது. எனவே தறியில் வளரும் முந்தியைப் பெருமிதத்தோடு படம்பிடித்துப் பகிரும் நெசவாளர், சட்டத்தின் மொழியில் பிறர் வடிவமைப்பை நம்பிக்கைக்கு மாறாக வெளிப்படுத்தியவராகக் கருதப்படும் இடர் உண்டு. அவர் செய்தது தம் கைத்திறனைக் காட்டியதே. கையின் திறனையும் வடிவத்தின் உரிமையையும் காணொளி பிரித்துக் காட்டாது. பிரித்து உணரும் வாய்ப்பைக் கட்டளைச் சொல்லும் அவருக்குத் தரவில்லை.

ஒப்படைத்தல் என்னும் மூன்றாம் செயலும் இங்கே மறைந்துள்ளது. யூடியூபில் காணொளி ஏற்றுபவர், அதனைப் பயன்படுத்த உலகளாவிய, கட்டணமற்ற, பிறர்க்கு மாற்றித்தரத்தக்க உரிமத்தை அந்நிறுவனத்திற்கு அளிக்கிறார். வருவாயில் பங்குபெற ஓர் அலைவரிசைக்கு ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என்னும் அளவுகோல் 2018இல் வகுக்கப்பட்டது. 2021 ஜூன் முதல் நம் நாட்டிலும் நடைமுறைக்கு வந்த விதிமுறைப்படி, வருவாய்ப் பங்கு பெறாத சிறு அலைவரிசைகளின் காணொளிகளிலும் விளம்பரம் இடும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு. பகிர்தல் என்ற சொல்லின் நேர்ப்பொருள் பங்கிடுதல். பங்கே இல்லாத ஓர் ஏற்பாட்டிற்கு அதுவே பெயராகியுள்ளது.

5. மறுதரப்பும் அதன் வலிமையும்

உட்பொதிந்த பகிர்வினால் விளைந்த நன்மை சிறிதன்று. கடைவைக்கும் முதலில்லாத நெசவுக் குடும்பம் ஒன்று, சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ உள்ள தமிழ்க் குடும்பத்திற்குப் புடவையை நேரே காட்ட இன்று தனிக்கருவி எதுவும் வேண்டியதில்லை. கையிலுள்ள கைப்பேசி போதும். 2020இன் ஊரடங்குக் காலத்தில் வாங்குவோர் நேரில் வர இயலாதபோது, காணொளி பல கடைகளுக்கு வாசலாக இருந்தது. மேலும், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டக் காணொளியினும் நல்ல சான்று அரிது. மூன்று நாடாக்கள் ஓடிக் கோர்வை பிணைவதைக் கண்ணால் கண்ட வாடிக்கையாளருக்கு முத்திரைச் சீட்டினும் அக்காட்சியே உறுதி தரும். விசைத்தறிப் போலியைத் தடுக்க 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் செய்ய முயன்றதில் ஒரு பகுதியைக் காணொளி செய்கிறது என்றும் வாதிடலாம்.

உட்பொதிவே எளிமை தருகிறது. எளிமையே எளியவர்க்கு வழி திறக்கிறது என்னும் இவ்வாதம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் எளிமைக்குப் பொருள்மயக்கம் இன்றியமையாதது என்பது அதிலிருந்து பெறப்படவில்லை. வாட்ஸ்அப் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. வதந்தியால் உயிர்கள் பலியான சூழலில் எடுக்கப்பட்ட அம்முடிவிற்குப் பின்னும் அச்செயலியின் பயன்பாடு குன்றவில்லை. பகிர்வின் வேகத்தையும் எல்லையையும் வடிவமைப்பாளர் மாற்றியமைக்க இயலும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டபோது, அவற்றில் கடை விரித்திருந்தோர் ஒரே நாளில் வாசலை இழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூபின் குறுங்காணொளி வசதி முதன்முதலில் இந்தியாவில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. பயனர் தாமே நிறுவிய செயலி ஒரே நாளில் மறையலாம். இயங்குதளத்தோடு வந்தது நிலைத்திருக்கும். நிலைத்திருப்பதையே மக்கள் நம்பிச் சார்வர். அவ்வாறு சார்ந்திருப்போர் மிகும்தோறும் அந்த வாசலின் மேல் எழுதப்பட்ட சொல் தெளிவாக இருக்கவேண்டிய கடமையும் மிகுகிறது.

6. மாற்றுக்கான வழிகள்

முதலாவது வழி சொல்லைச் சார்ந்தது. அறிந்த ஒருவருக்கோ ஒரு குழுவிற்கோ செல்வதற்கு 'அனுப்பு', எல்லார்க்கும் திறப்பதற்கு 'வெளியிடு', சேமிப்பகத்தின் பொறுப்பில் வைப்பதற்கு 'ஒப்படை' என்னும் மூன்று வினைகளும் தமிழில் பழகியவை. எவர்க்கும் விளக்கம் வேண்டாதவை. இம்மூன்று தலைப்புகளின்கீழ் இயங்குதளம் செயலிகளை வகைப்படுத்திக் காட்டலாம். கட்டற்ற மென்பொருள் உலகில் இது உடனே செய்து பார்க்கத்தக்கது. கேடிஇ மேசைத்தளத்தின் 'பர்ப்பஸ்' என்னும் பகிர்வு நிரலகத்தில் யூடியூபும் ஒரு செருகுநிரலாக உள்ளது. அது நீக்கத்தக்கது, அதன் சொற்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கலாம், வகைப்பாட்டையும் திருத்தி முன்மொழியலாம்.

இரண்டாவது வழி முன்னமைவைச் சார்ந்தது. யூடியூபில் பதினெட்டு வயது நிறைந்தவர்க்குக் காணொளியின் முன்னமைவு 'பொது' என்பதாக உள்ளது. அதற்குக் குறைந்த வயதினர்க்குத் 'தனிப்பட்டது'. இளையோர்க்குக் காட்டப்படும் இக்கவனம் எல்லார்க்கும் உரியதாகலாம். வெளியிடுதல் என்பது பயனர் தாமே தெரிவுசெய்யும் தனிச்செயலாக அமையும்.

மூன்றாவது வழி ஊரைச் சார்ந்தது. புதிய வடிவத்தின் காணொளி விண்ணப்ப நாளுக்குப் பிறகே வெளியாக வேண்டும் என்னும் ஒரு விதியைக் கூட்டுறவுச் சங்கங்களும் வணிகர்களும் நெசவாளரோடு கலந்து ஏற்கலாம். காஞ்சிபுரத்தில் உள்ள நெசவாளர் சேவை மையம் போன்ற அமைப்புகள் பதிவு முறையை விளக்கும்போது, கைப்பேசியில் எது அனுப்புதல், எது வெளியிடுதல் என்பதையும் காட்டி விளக்கலாம். மரபு வடிவங்களையும் நெசவுத் திறனையும் தடையின்றிக் காட்டலாம் என்பதும் அவ்விளக்கத்தில் சேர வேண்டும். அச்சத்தால் காணொளியே எடுக்காமல் விடுவது, கைத்தறிக்குக் கிடைத்த நல்ல சாட்சியை வாய்மூடச் செய்வதாகும்.

முடிவுரை

இயங்குதளத்தில் உட்பொதிந்த காணொளிப் பகிர்வு பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்த நிறுவனம் இடம்பிடித்தது என்பதைச் சுற்றியே நடந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் ஆணை அவ்விவாதத்தில் குறிப்பிடத்தக்க அடி. அதனோடு சேர்த்து, அவ்விடத்தில் உள்ள வினைச்சொல்லையும் திறனாய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்தியுள்ளது. சேமி, அனுப்பு, வெளியிடு எனத் தனித்து நின்ற வினைகள் இருபதாண்டுக்குள் 'பகிர்' என்பதில் கரைந்தன. தமிழ்ச் சொல்லின் அறச்சாயல் அக்கரைவை மேலும் மறைத்தது. வடிவமைப்புகள் சட்டமோ ஒருவருக்குக் காட்டுதலையும் உலகறிய வெளியிடுதலையும் பிரித்து, அப்பிரிவின்மேல் உரிமையை நிறுத்தியுள்ளது. சட்டம் பிரித்ததை இடைமுகம் இணைக்கும்போது, அதன் இழப்பை ஏற்பவர் சட்டத்தையும் இடைமுகத்தையும் எழுதாத நெசவாளரே.

கச்சி நகரின் புதுவடிவம் எந்நாளில், எவர் முன், எவ்வளவு வெளிப்பட வேண்டும் என்பதை அவ்வடிவத்தை ஆக்கியோரும் நெய்தோரும் முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவிற்கு வேண்டிய சொற்கள் தமிழில் உள்ளன. அவை கைப்பேசித் திரையிலும் இடம்பெறுவது மொழியாக்கத்தார், சட்ட அறிஞர், நெசவாளர் அமைப்புகள் ஆகியோரின் கூட்டுப்பணியாக அமைதல் வேண்டும்.